அம்மாவுக்கு எந்த ஸ்டேடியம்?

அம்மா எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது சனிக்கிழமை அது. மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்து கல்லூரி ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்) பார்த்து நான் கத்திய கத்தலில், தூங்கிக்கொண்டிருந்த என் மகள் எழுந்துவிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மா, திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏண்டி, இத்தனை தடவை நிறுத்தி நிறுத்தி ஆடுறாங்களே, இது எப்பத்தான் முடியும்?" என்று கேட்டார். அரை மணி நேரம் கழித்து, "என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போயேன்" என்றார்.

நான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க ஆன் ஆர்பருக்கு வந்தபோது பிடித்த பைத்தியம் இது. இப்போது பக்கத்து ஊரான கேண்டனில் குடியிருக்கிறோம். பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அம்மா ஊருக்குத் திரும்ப மிச்சம் இருந்தவை ஐந்தே சனிக்கிழமைகள். அவருக்கு முழங்கால் வலி உண்டு. வீட்டில் கைக்குழந்தை வேறு. எனக்கென்றால் யோசிக்காமல் முடிவு செய்துவிடுவேன். அம்மாவுக்கு என்று வந்தபோதுதான் ஒவ்வொரு வழியையும் உட்கார்ந்து எடை போட்டுப் பார்த்தேன். கேண்டன், நோவை மாதிரி பக்கத்து ஊர்களுக்குப் புதிதாகக் குடிவருகிற நம் ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் இதே கேள்வியைக் கேட்பதால், யோசித்ததை எழுதியும் வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் இலையுதிர் கால வாரக்கடைசியை ஃபுட்பால் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது: வெள்ளி இரவு பள்ளிக்கூடங்கள், சனிக்கிழமை கல்லூரிகள், ஞாயிறு என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக். இது வெறும் வழக்கம் மட்டும் இல்லை. 1961-ல் வந்த ஒளிபரப்புச் சட்டத்தில், செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் தொழில்முறை ஆட்டங்களை டிவியில் காட்டினால், அணிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்க அந்தச் சட்டம் தருகிற பாதுகாப்பு கிடைக்காது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. அதனால் சனிக்கிழமை முழுக்கக் கல்லூரிகளுக்குத்தான். அந்த ஒரு நாளை எங்கே செலவு செய்வது என்பதுதான் கேள்வி.

வீட்டு சோபாவில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஆட்டம் புரிய வேண்டுமென்றால் வீட்டை மிஞ்சிய இடம் கிடையாது. பகல் 12 மணிக்கு முதல் வரிசை ஆட்டங்கள், மூன்றரைக்கு இரண்டாவது, ஏழரை வாக்கில் மூன்றாவது. மேற்குக் கரையில் ஆடினால் பத்தரைக்கு நான்காவது. 2024-லிருந்து யூ.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., ஆரிகன், வாஷிங்டன் என்று மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் மிச்சிகன் ஆடுகிற எங்கள் பிக் டென் லீக்கில் சேர்ந்துவிட்டதால் அந்த நடுராத்திரி ஆட்டமும் இப்போது எங்கள் சொந்த விவகாரம். ஒரே திரையை நான்காகப் பிரித்து நான்கு ஆட்டங்களை ஒன்றாகப் பார்க்கிற வசதியும் வந்துவிட்டது. நாள் முழுக்க உட்கார்ந்தால், எந்த அணி எங்கே வழுக்கியது, செய்தியாளர்கள் ஓட்டுப் போட்டு ஞாயிறு மத்தியானம் வரப்போகிற ஏ.பி. தரவரிசையில் யார் ஏறுவார், யார் இறங்குவார் என்று முழுப் படமும் கைக்கு வந்துவிடும். ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்காது.

அதைவிட முக்கியம், அணி எட்ட வேண்டிய இடத்தைக் காட்டத் திரையில் மட்டும் வரைகிற அந்த மஞ்சள் கோடு. 1998-ல்தான் அது முதன்முதலில் டிவிக்கு வந்தது. அந்தக் கோட்டை வைத்துத்தான் அம்மாவுக்கு ஆட்டத்தையே சொல்லிக்கொடுத்தேன். நான்கு தடவை முயற்சி செய்யலாம்; அதற்குள் 10 கெஜம் முன்னால் போக வேண்டும்; போய்விட்டால் மறுபடியும் நான்கு தடவை; போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. மாட்டுப் பொங்கலுக்கு ஊரில் கபடி பார்த்து வளர்ந்தவர் அம்மா. "அப்போ கோட்டைத் தொடணும், பிடிபட்டா அங்கேயே நிக்கணும், அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான். இடத்தைப் பிடிக்கிற ஆட்டம் என்று தெரிந்துவிட்டால், அத்தனை தடவை ஏன் நிற்கிறது என்பதும் புரிந்துவிடுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு பக்கமும் அடுத்த திட்டத்தைப் போடுகிறார்கள்.

வீட்டில் குறைகளும் உண்டு. எல்லா ஆட்டத்தையும் பார்க்க ஒரே சந்தா போதாது, ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி., ஈ.எஸ்.பி.என்., பிக் டென் நெட்வொர்க் என்று ஆட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. இணையம் வழியாகப் பார்த்தால் காட்சி அரை நிமிடம்கூடத் தாமதமாக வரும். ஸ்டேடியத்தில் இருக்கிற தோழி "டச் டவுன்!" (பந்து எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி விழுந்தது) என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பிறகுதான் என் திரையில் பந்தையே வீசுவார்கள். இப்போதெல்லாம் ஆட்டம் முடியும்வரை போனைத் தொடுவதில்லை.

ஆனால் பெரிய குறை வேறு. வீட்டில் பந்து இருக்கும் இடம் மட்டும்தான் தெரியும். கேமரா எதைக் காட்டுகிறதோ அதுதான். பந்தை வீசுவதற்கு முன்னால் தூரத்து மூலையில் ஒரு பையன் தனக்குக் காவல் நிற்கிறவனை எப்படி ஏமாற்றிக்கொண்டிருக்கிறான் என்பது திரைக்கு வெளியே நடக்கிறது. 22 பேரும் ஒரே நேரத்தில் நகர்வதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு டிவி அதற்குப் பிறகு கொஞ்சம் சின்னதாகத்தான் தெரியும்.

அடுத்தது, இந்தப் பக்கம் எல்லோரும் 'பிக் ஹவுஸ்' என்று அழைக்கும் மிச்சிகன் ஸ்டேடியம். 1927-ல் திறந்தது. இருக்கைகள் 1,07,601. அமெரிக்காவிலேயே பெரிய ஸ்டேடியம் இதுதான். 1975 நவம்பரிலிருந்து இங்கே நடந்த ஆட்டங்களில், கொரோனா வந்த 2020-ஐ விட்டுவிட்டால், கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. 2013-ல் நோட்ர டேம் பல்கலைக்கழக அணி ஆட வந்த இரவில் 1,15,109 பேர். ஆன் ஆர்பரின் மொத்த மக்கள்தொகைகூட அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரியது என்றே தெரியாது. ஸ்டேடியத்தின் பெரும்பகுதி தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியது. வாசலில் நுழைந்ததும் கிண்ணத்தின் விளிம்பில் நிற்போம். கீழே, ஆழத்தில், பச்சையாக மைதானம். முதல் தடவை அங்கே நின்றபோது எனக்கு மூச்சு நின்றது. இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒரு விநாடி பழகவில்லை. அப்புறம் பாண்டு வாத்தியக் குழு ஓடி வரும், வீரர்கள் நீலப் பதாகையைத் தாவித் தொட்டுக்கொண்டு மைதானத்துக்குள் பாய்வார்கள், ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் கை முஷ்டியை உயர்த்துவார்கள். யாரோ ஒரு தாத்தா, பெயர் தெரியாதவர், டச் டவுன் விழுந்ததும் என்னைக் கட்டிப் பிடித்து அழுதிருக்கிறார். எனக்கு இந்த ஊர் சொந்த ஊராக மாறிய இடம் எது என்று கேட்டால், குடியுரிமை அலுவலகத்தைச் சொல்லமாட்டேன், அந்த பெஞ்சைத்தான் சொல்வேன்.

சரி, அம்மாவுக்கு? தரைக்குக் கீழே தோண்டிய ஸ்டேடியம் என்றால், போகும்போது படி இறங்க வேண்டும், வரும்போது அத்தனையும் ஏற வேண்டும். பெரும்பாலான இடங்களில் நாற்காலி கிடையாது, நம்பர் ஒட்டிய நீள பெஞ்சுதான். ஒருவருக்கு ஒதுக்கிய இடத்தில் குளிர் காலக் கோட்டோடு உட்கார்ந்தால் பக்கத்து ஆளின் தோள் நம் தோளின் மேல்தான் இருக்கும். முக்கியமான கட்டத்தில் முன் வரிசை எழுந்து நின்றால் நாமும் நின்றாக வேண்டும். ஆட்டம் முழுதாக மூன்றரை மணி நேரம் ஓடும். டிவி விளம்பரத்துக்காக மைதானத்தில் ஓர் ஆள் வந்து நிற்பார். அவர் நகரும்வரை ஒரு லட்சம் பேரும் காத்திருக்க வேண்டும். மஞ்சள் கோடும் இருக்காது. ஓரத்தில் 10 கெஜம் அளக்கிற சங்கிலியோடு நிற்பவர்களைப் பார்த்துத்தான் எத்தனை கெஜம் பாக்கி என்று கணக்குப் போட வேண்டும்.

டிக்கெட் எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தேதி முன்பே தெரியும், ஆனால் பல ஆட்டங்களுக்கு நேரம் தெரியாது. டிவி நிறுவனங்கள் 12 நாள் முன்னால்தான், சில சமயம் 6 நாள் முன்னால்தான் பகலா இரவா என்று முடிவு செய்கின்றன. அக்டோபரில் பகல் ஆட்டம் என்றால் இதமான வெயில். இரவு ஆட்டம் என்றால் கம்பளி தேவைப்படும். வயதானவர்களை, குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் நேரம் அறிவிக்கும்வரை பொறுத்திருந்து வாங்குவது நல்லது. பெரிய எதிரணி வரும் நாளில் ஒரு டிக்கெட்டே சில நூறு டாலர் ஆகும். சுமாரான எதிரணி வரும் நாளில் அதில் ஒரு பங்குதான். அதே பாண்டு, அதே பதாகை, அதே கூட்டம். முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது எப்போதும் இரண்டாவது வகை நாள்.

டிக்கெட்டே இல்லாமல் பிக் ஹவுஸை அனுபவிக்கிற வழி ஒன்றும் உண்டு. பலருக்கு இது தோன்றுவதில்லை. ஆட்ட நாள் காலையில் ஸ்டேடியத்துக்கு எதிரே இருக்கிற கோல்ஃப் மைதானம் முழுக்கக் கார்கள் நிற்கும். அடுப்பு, கூடாரம், கொடி, மடக்கு நாற்காலி. டெய்ல்கேட் என்று சொல்கிற இந்த விருந்துக்கு டிக்கெட் தேவையில்லை. பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியிலேயே கார் நிறுத்த இடம் கொடுத்துக் காசு வாங்குவார்கள். நாங்கள் நண்பர்கள் கூட்டமாகப் போனால் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப் போவோம். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் மூன்று வருஷமாக அந்த வறுவலுக்காகவே எங்களைத் தேடி வருகிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் வாத்தியக் குழு தங்கள் பயிற்சிக் கூடத்திலிருந்து ஸ்டேடியத்துக்கு வாசித்துக்கொண்டே நடந்து போகும். ஓரமாக நின்று அதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஆட்டத்தை டிவியில் பார்க்கலாம். சின்னக் குழந்தை இருக்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த சனிக்கிழமையை நான் சொல்ல முடியாது.

வெளியூர்ப் பயணத்தையும் யோசித்தேன். கொலம்பஸ், ஒஹாயோ மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 1897-ல் ஆரம்பித்த மிச்சிகன் - ஒஹாயோ ஸ்டேட் போட்டி நவம்பர் கடைசியில் வரும். அதை இரண்டு ஊரிலும் 'தி கேம்' என்றுதான் சொல்வார்கள், வேறு ஆட்டமே இல்லாதது மாதிரி. 1950-ல் கொலம்பஸில் பனிப்புயலுக்கு நடுவே ஆடி, ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட எடுக்காமலே (அந்த 10 கெஜத்தை ஒரு தடவைகூடக் கடக்காமலே) மிச்சிகன் 9-3 என்று ஜெயித்த கதையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் நான் வீட்டில்தான் பார்ப்பேன். ஒவ்வொரு முயற்சியையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிற வெறி அன்று வரும். ஸ்டேடியத்தில் அது முடியாது. தவிர, அதற்குள் அம்மா ஊருக்குப் போயிருப்பார்.

அயோவா சிட்டிதான் மனதை இழுத்தது. அங்கே கின்னிக் ஸ்டேடியத்தை ஒட்டியே குழந்தைகள் மருத்துவமனை உயரமாக நிற்கிறது. 2017-லிருந்து, முதல் குவார்ட்டர் (ஆட்டத்தின் முதல் கால் பகுதி) முடிந்ததும் ஸ்டேடியத்தில் இருக்கிற எல்லோரும், எதிரணி ரசிகர்களும் வீரர்களும் சேர்த்து, மருத்துவமனையைப் பார்த்துத் திரும்பிக் கை அசைப்பார்கள். மேலே கண்ணாடி ஜன்னல்களில் நிற்கிற குழந்தைகள் திருப்பி அசைப்பார்கள். டிவியில் பார்த்தே எனக்குக் கண் கலங்கும். ஆனால் கார் பயணம் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், இரவு ஹோட்டல், கைக்குழந்தை. இந்த வருஷம் இல்லை என்று அதை எடுத்து வைத்தேன். குழந்தை வளர்ந்ததும் முதல் வெளியூர் ஆட்டம் அதுதான்.

ஸ்போர்ட்ஸ் பார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20 திரை, நல்ல சத்தம், தனியாக வாழ்கிற மாணவர்களுக்கு அருமையான இடம். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் பார்த்தேன். அம்மாவுக்கு அது வேண்டாம்.

மிச்சம் இருந்தது இப்சிலாண்டி. கேண்டனிலிருந்து ஆன் ஆர்பர் போகிற வழியில், பெரிய அண்ணனின் நிழலிலேயே இருக்கிற ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம். அதன் ரைனர்சன் ஸ்டேடியத்தில் சுமார் 30,000 பேர் உட்காரலாம்; எல்லா இடமும் நிரம்பி நான் பார்த்ததில்லை. செயற்கைப் புல்தரை, அதுவும் சாம்பல் நிறம். இந்தப் பக்கத்தில் ஆலைகளில் உழைத்து வாழ்ந்தவர்கள் அதிகம் என்பதால் ஸ்டேடியத்துக்கு 'ஃபேக்டரி' என்று பட்டப்பெயர். 2014-லிருந்து கிறிஸ் கிரைட்டன்தான் பயிற்சியாளர். ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கிக் கட்டிய சுவரைச் சம்மட்டியால் உடைத்துக்கொண்டு மைதானத்துக்குள் வருவார்கள்.

இவர்கள் ஆடுகிற மிட் அமெரிக்கன் லீக்கைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பெரிய பல்கலைக்கழகங்கள் சீசன் ஆரம்பத்தில் காசு கொடுத்துச் சின்ன அணிகளை வரவழைத்து ஆடுவது வழக்கம். அப்படி 4 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்த அப்பலேச்சியன் ஸ்டேட்டிடம்தான் 2007-ல் மிச்சிகன் தன் சொந்த ஸ்டேடியத்தில் 34-32 என்று தோற்றது. ஈஸ்டர்ன் மிச்சிகனும் 2022-ல் அரிஸோனா ஸ்டேட்டை அவர்கள் ஊருக்கே போய் 30-21 என்று ஜெயித்தது. மறுநாளே அந்த ஊர்ப் பயிற்சியாளருக்கு வேலை போனது.

ரசிகராக நான் அங்கே பார்ப்பது வேறு ஒன்று. முன்வரிசைக்கு அருகே உட்கார்ந்தால் தலைக்கவசங்கள் மோதுகிற சத்தம் நேராகக் காதில் விழும். பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக் கத்துகிற வார்த்தைகள்கூடக் கேட்கும். தூரத்து மூலையில் ஓடுகிற பையனையும் பார்க்கலாம், அவனைப் பார்க்க வந்த அவன் அம்மாவையும் பார்க்கலாம். டிக்கெட் விலை சினிமா டிக்கெட்டுக்குப் பக்கத்தில்தான். காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் இருக்கைக்குப் போய்விடலாம். கால் வலித்தால் காலியாக இருக்கிற பெஞ்சில் நீட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: நவம்பர் வந்துவிட்டால் இந்த லீக் பெரும்பாலும் செவ்வாய், புதன் இரவுகளுக்குப் போய்விடும். டிவியில் அந்த நாட்கள்தான் இவர்களுக்குக் கிடைக்கும். சனிக்கிழமை பகலில் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர்தான்.

எடை போட்டதில் எனக்குத் தெரிந்தது இது. ஆட்டம் தெரியாதவரை நேராகப் பிக் ஹவுஸுக்குக் கூட்டிப் போனால் அவர் கூட்டத்தைப் பார்ப்பார், ஆட்டத்தைப் பார்க்கமாட்டார். அந்த இடம் நாம் கொண்டுபோகிற பாசத்தைத்தான் பல மடங்காகத் திருப்பித் தரும். கொண்டுபோக ஒன்றும் இல்லாதவருக்கு அது இரைச்சல். அதனால் முதலில் ஒன்றிரண்டு சனிக்கிழமை வீட்டில் மஞ்சள் கோட்டோடு, அப்புறம் சின்ன ஸ்டேடியம், அதற்கும் அப்புறம் ஆசை இருந்தால் பெரியது. எம்.எஸ். படிக்க வந்திருக்கிற மாணவர்களுக்கு மட்டும் இந்த வரிசை வேண்டாம். அவர்கள் முதல் வாரமே மாணவர் பகுதிக்குப் போய் மூன்றரை மணி நேரம் நின்று கத்தட்டும். அந்த வயதும் அந்த டிக்கெட் சலுகையும் திரும்பி வராது.

அம்மாவை அக்டோபர் நடுவில் இப்சிலாண்டிக்குக் கூட்டிப் போனேன். குழந்தையை என் கணவர் பார்த்துக்கொண்டார். ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்லியும் அம்மா எடுத்து வந்தார். அதைக் காரிலேயே குடித்து முடித்துவிட்டு உள்ளே போனோம். சுவர் உடைந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் பாதி முழுக்கச் சங்கிலி வைத்திருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி குவார்ட்டரில் நான்காவது முயற்சி, ஒரு கெஜம் பாக்கி. பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து அனுப்பாமல் ஆடிப் பார்க்க முடிவு செய்தார்கள். நான் சொல்வதற்கு முன்னால் அம்மாவுக்கே புரிந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "விடாத, விடாத, தள்ளு!" என்று கத்தினார். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பச்சைச் சட்டைப் பெண்மணி திரும்பிப் பார்த்து, தமிழ் ஒரு வார்த்தை தெரியாமலே அம்மாவின் கையைத் தட்டினார். பையன் கோட்டைத் தாண்டிவிட்டான்.

இப்போது அம்மா ஊரில் இருக்கிறார். அக்டோபரில் இங்கே பகல் 12 மணி ஆட்டம் என்றால் அங்கே இரவு ஒன்பதரை. சாப்பிட்டு முடித்த கையோடு வீடியோ கால் போடுவார். போனை டிவிக்கு நேராகச் சாய்த்து வைத்துவிடுவேன். மஞ்சள் கோடு அந்தச் சின்னத் திரையில் தெரிகிறதா என்று கேட்டால், "அது எதுக்குடி, சங்கிலியைக் காட்டு" என்கிறார். அடுத்த தடவை வரும்போது பெரிய ஸ்டேடியத்துக்கே போகலாம், படிகளைப் பற்றிக் கவலைப்படாமல் சக்கர நாற்காலி வசதியுள்ள இடமாகப் பார்த்து டிக்கெட் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போகலாம் என்றார். ஆனால் அதற்கு முந்தைய சனிக்கிழமை அந்தச் சுவரை உடைக்கிற பையன்களைப் பார்த்துவிட்டுத்தான் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.